அக்குள், தொடையிடுக்கு, அந்தரங்கப் பகுதி: வீட்டிலேயே முடி எடுக்க எது சரி?

நொச்சிப்பூ கேட்டது:

வணக்கம். மூன்று இடங்களுக்கு வழி கேட்கிறேன்: அக்குள், உள்ளாடையின் ஓரம் உரசும் தொடையிடுக்கு, அதற்கு உட்பட்ட அந்தரங்கப் பகுதி. தோல் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கருமை. முடி தடிமன், சுருள். மூன்று பிளேடு ரேசரில் வழித்தால் இரண்டாம் நாள் தொடையிடுக்கில் சிவந்து அரிக்கும் பருக்கள், அவை அடங்கிய பிறகு கரும்புள்ளி. முடி நீக்கும் க்ரீம் போட்டால் அக்குளில் ஐந்து நிமிடத்திலேயே எரிகிறது. பார்லருக்குப் போக விருப்பமில்லை.

இப்போது யோசனையில் இருப்பவை வீட்டு வேக்ஸ், முடியைப் பிடுங்கும் எபிலேட்டர், ஒளியைப் பாய்ச்சி முடியைக் குறைக்கும் ஐ.பி.எல். கருவி. கடைசியாகச் சொன்னது விலை அதிகம், அதனால் வாங்கும் முன் கேட்டுவிடலாம் என்று. கணவருக்கும் இதே கேள்விதான், அவருக்கு விரைப்பைப் பகுதி. வழவழப்பாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. அரிப்பும் புள்ளியும் வராமல் இருந்தால் போதும்.

கத்திரிமுனை பதில்:

கடைசி வரியை நிஜமாகவே சொல்கிறீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. எந்தக் கருவி என்பது அப்புறம். எடுத்து முடித்த பிறகு முடியின் நுனி எங்கே நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். தோலுக்கு மேலே நின்றால் தொல்லையில்லை. தோல் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ நின்றால் சுருள் முடிக்குப் பரு நிச்சயம்.

மூன்று பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைப் பிடித்து லேசாக இழுக்கும், அடுத்தது வெட்டும். வெட்டுப்பட்டதும் முடி பின்வாங்கித் தோலுக்குள் போய்விடும். நுனியோ சாய்வாக வெட்டுப்பட்டு ஊசி மாதிரி இருக்கும். சுருள் முடியின் வேர்ப்பையே வளைந்தது. அதனால் மறுபடி வளரும்போது நேரே வெளியே வராமல் பக்கச் சுவரைக் குத்துகிறது, இல்லையென்றால் வெளியே வந்து வளைந்து பக்கத்துத் தோலில் நுழைகிறது. உடம்பைப் பொறுத்தவரை அது முள் தைத்த மாதிரிதான். சிவக்கும், வீங்கும், சில நேரம் சீழ் வைக்கும். கருமையான தோலில் வீக்கம் வற்றிய பிறகும் நிறமி தங்கிவிடுகிறது, அதுதான் நீங்கள் சொல்லும் புள்ளி.

எனவே தொடையிடுக்குக்கும் உள் பகுதிக்கும் ட்ரிம்மர். 1 மி.மீ. விட்டு வெட்டினால் நுனி வெளியேதான் நிற்கும், உள்ளே திரும்ப வழியே இல்லை. தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் என்பது மட்டும்தான் குறை.

தாடிக்கு வைத்திருக்கும் ட்ரிம்மரை இங்கே கொண்டுவராதீர்கள். கிருமி ஒரு காரணம். அதன் பற்களின் இடைவெளி அகலம், மடிப்புத் தோல் உள்ளே சிக்கும் என்பது இன்னொரு காரணம். உடம்புக்கென்று விற்பதில் பல்லின் முனை மழுங்கலாகவும் இடைவெளி நெருக்கமாகவும் இருக்கும். கூடவே 1 மி.மீ., 3 மி.மீ. சீப்பு மூடிகள் வருகிறதா, தலையைத் தண்ணீரில் கழுவலாமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மற்றதெல்லாம் அட்டைப்பெட்டி அலங்காரம்.

குளிப்பதற்கு முன், தோல் காய்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். நம் ஊர் புழுக்கத்தில் இது சொல்வதற்குத்தான் சுலபம். துண்டால் ஒற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் தொடங்குங்கள். ஈர முடி பல்லில் அடைத்துக்கொள்ளும், வியர்த்த தோல் மூடியோடு ஒட்டிக்கொண்டு இழுபடும். முதல் சுற்று 3 மி.மீ. மூடியுடன், அடுத்தது 1 மி.மீ. மற்ற கையால் தோலை விரித்துப் பிடித்துக்கொண்டு, கருவியைப் படுக்கவைத்து, அழுத்தாமல், முடி படுத்திருக்கும் திசைக்கு எதிராக நகர்த்துங்கள். ரேசரில் எதிர்த்திசை கூடவே கூடாது. இங்கே மூடி இருப்பதால் பரவாயில்லை. தொடர்ந்து ஓடினால் பிளேடு சூடாகும், அவ்வப்போது புறங்கையில் வைத்துப் பாருங்கள், சுட்டால் அணைத்து ஆறவிடுங்கள். உள் உதடு, மலவாயை ஒட்டிய தோல் இரண்டையும் தொடவே வேண்டாம். கைக்கண்ணாடி இல்லாமல் தடவிப் பார்த்துச் செய்வதில்தான் பெரும்பாலான வெட்டு விழுகிறது. 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை போதும்.

அக்குளுக்கு மட்டும் ரேசர் வேண்டும் என்றால் பிளேடு ஒன்றோ இரண்டோ உள்ளதாக மாற்றுங்கள். முடியை முதலில் ட்ரிம்மரால் குட்டையாக்கி, வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, வாசனை இல்லாத ஜெல் தடவி, முடி போகும் திசையிலேயே, ஓரிடத்தில் ஒரே இழுப்பு. அக்குளில் முடி ஒரே திசையில் போகாது. பொதுவாக மேல்பாதி மேல்நோக்கியும் கீழ்பாதி கீழ்நோக்கியும் போகும், நடுவில் பக்கவாட்டுச் சுழி ஒன்று இருக்கும். விரலால் தடவினால் எந்தப் பக்கம் வழுக்கிப் போகிறதோ அதுதான் திசை. பிளேடை 5 முதல் 7 தடவைக்குள் மாற்றச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம். நம் குளியலறை ஈரத்தில் அதற்கும் முன்பே துரு ஏறும். கழுவி, உதறி, வெளியே எடுத்து வையுங்கள்.

மருந்துச்சீட்டு பதில்:

க்ரீம் பற்றி மட்டும் சொல்கிறேன். அக்குளில் எரிவதை ஒவ்வாமை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒவ்வாமை அன்று, வேதியியல்.

இந்த க்ரீம்களில் வேலை செய்வது தயோகிளைகோலேட் என்ற உப்பு. முடியின் கெரட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது அறுக்கிறது. க்ரீம் போட்டதும் வரும் அழுகிய முட்டை வாடை அங்கிருந்துதான். இது வேலை செய்யக் கடுமையான காரத்தன்மை வேண்டும்; பி.எச். 12ஐ ஒட்டி இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ 5 சொச்சம். மேலும் தோலின் மேலடுக்கும் கெரட்டின்தான். எது முடி, எது தோல் என்று க்ரீமுக்குத் தெரியாது. முடி கரையும் நேரத்துக்கும் தோல் புண்ணாகும் நேரத்துக்கும் இடையே உள்ள சில நிமிட இடைவெளியை நம்பித்தான் இந்தப் பொருளே விற்பனையாகிறது. கையிலும் காலிலும் அந்த இடைவெளி தாராளம். அக்குள், தொடையிடுக்கு போன்ற மெல்லிய, ஈரமான, மடிப்புத் தோலில் அது மிகவும் குறுகிவிடும்.

அப்படியும் பயன்படுத்த வேண்டுமென்றால் அட்டையில் அந்த உறுப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "கை கால்களுக்கு" என்று போட்டதை அக்குளில் போடக் கூடாது. "பிகினி லைன்" என்று இருந்தால் அது உள்ளாடைக்கு வெளியே தெரியும் ஓரத்துக்கு மட்டும். உதடுகள், விரைப்பை, மலவாய் எதற்கும் இல்லை. அங்குள்ள சளிச்சவ்வில் பட்டால் தீக்காயம் போலவே ஆகும். போட நினைக்கும் அதே இடத்தின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு தடவி, உரிய நேரத்தில் துடைத்துவிட்டு, 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். முன்கையில் சோதித்து அக்குளில் போடுவது சோதனையே ஆகாது.

வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு போடக் கூடாது. வழித்த அன்றும் கூடாது. மூன்றாம் நிமிடத்தில் ஓரத்தில் கொஞ்சம் வழித்துப் பாருங்கள், முடி வந்துவிட்டால் உடனே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அட்டையில் போட்டிருப்பது உச்சவரம்பு. அவ்வளவு நேரம் வைத்தே தீர வேண்டும் என்று பொருள் அல்ல. துடைத்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். டியோடரன்ட், பவுடர், சென்ட் எதுவும் 24 மணி நேரத்துக்கு வேண்டாம். அடுத்த முறைக்கு 72 மணி நேரமாவது இடைவெளி. நடுவில் எரிந்தால் உடனே துடைத்தெடுத்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சை, வினிகர் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். புண்ணில் புளி கரைப்பதுதான் அது.

ஐந்து நிமிடத்தில் எரியும் தோல் என்று நீங்களே எழுதிவிட்டதால் என் பதில்: உங்களுக்கு க்ரீம் வேண்டாம், வேறு கம்பெனியும் வேண்டாம். உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரே உப்புதான்.

மலிவாகக் கிடைக்கும் முடி நீக்கும் பொடியைப் பற்றி ஒன்று. அவற்றில் சிலவற்றில் இருப்பது பேரியம் சல்ஃபைடு. தோலை அரிப்பது ஒருபுறம். வாய்க்குள் போனால் ரத்தத்தில் பொட்டாசியம் சட்டென்று இறங்கி, கைகால் செயலிழந்து, உயிருக்கே ஆபத்தாகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது.

முல்லைக்கொடி பதில்:

ட்ரிம்மர், ரேசர் எது போட்டாலும் முடி தடிமனாக வளருமே? அதற்காகவே வேக்ஸுக்குப் போகிறவர்கள்தானே அதிகம்?

கத்திரிமுனை பதில்:

வளராது. முடியின் தடிமனைத் தீர்மானிப்பது தோலுக்கு அடியில் இருக்கும் வேர், மேலே நடக்கும் வெட்டு அதற்குத் தெரியாது. இயற்கையாக முனை கூர்மையாகத் தேய்ந்திருக்கும், வெட்டிய பிறகு தட்டையாக நிற்பதால் கைக்குத் தடிமனாகப் படுகிறது. 1928லேயே அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் தினமும் சவரம் செய்தவர்களின் முடியை அளந்து பார்த்து, தடிமனும் மாறவில்லை, வளரும் வேகமும் மாறவில்லை என்று எழுதிவிட்டார். நூறு வருஷம் ஆகப்போகிறது, இந்த நம்பிக்கை மட்டும் வழிக்க வழிக்க வளர்கிறது.

பாகுப்பதம் பதில்:

தோழி, வேக்ஸை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். அக்குளுக்கு அது நல்ல வழிதான். வேரோடு வருவதால் மூன்று நான்கு வாரம் கவலையில்லை. ஆனால் கை காலுக்குப் போடும் துணி ஸ்ட்ரிப் வேக்ஸை எடுத்து அக்குளில் போட்டால் தோலும் சேர்ந்து வரும். அது முடியையும் பிடிக்கும், தோலையும் பிடிக்கும். மெல்லிய தோலுக்கு இரண்டு வழி: துணி தேவைப்படாத கெட்டி வேக்ஸ், இல்லையென்றால் சர்க்கரைப் பாகு.

முடி 5, 6 மி.மீ. இருக்க வேண்டும், ஓர் அரிசி நீளம். அதைவிடக் குட்டையாக இருந்தால் பிடி கிடைக்காமல் பாதியில் ஒடியும். ஒடிந்த முடி தோலுக்கு அடியில் நின்று, கத்திரிமுனை சொன்ன அதே பருவைக் கொண்டுவரும். ரொம்ப நீளமாக இருந்தால் வலிதான் மிச்சம், முதலில் ட்ரிம் செய்துகொள்ளுங்கள்.

பாகுக்கு 200 கிராம் சர்க்கரை, 30 மி.லி. எலுமிச்சைச் சாறு, 30 மி.லி. தண்ணீர். அடிகனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் வையுங்கள். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையை உடைத்துவிடுவதால் பாகு பூத்துப்போகாமல் இழுவையாக நிற்கும். அதைக் குறைத்தால் ஆறியதும் மணல் மணலாகிவிடும். பதம் 118 முதல் 121 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: அதிரசத்துக்கு எடுக்கும் உருட்டுப் பதத்தைவிடச் சற்று முற்றியிருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் வளைந்துகொடுக்க வேண்டும். கடலை மிட்டாய்க்கு வருகிற மாதிரி "டக்"கென்று சத்தம் கேட்டால் போச்சு, கல்லாகிவிடும். வடிந்து ஓடினால் இன்னும் ஒரு நிமிடம். நிறம் தேன் போல இருக்கும்போதே இறக்கிவிடுங்கள், இறக்கிய பிறகும் பாத்திரத்துச் சூட்டில் முற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ஆறவிடுவதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். மேலே ஆறின மாதிரி தெரியும், நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும். சர்க்கரைப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடுவதால் வெந்நீர் பட்டதைவிட ஆழமான காயம் ஆகும். உருண்டையாகப் பிடித்துக் கையில் வைத்துப் பிசைய முடிகிற சூடுதான் சரியான சூடு. பிசையப் பிசைய வெளுத்து முத்து நிறமாகும், அப்போது போடலாம்.

பாகை முடிக்கு எதிர்த்திசையில் அழுத்தித் தடவி, முடி போகும் திசையில் வெடுக்கென்று சுண்டி எடுக்க வேண்டும். கெட்டி வேக்ஸ் இதற்குத் தலைகீழ்: முடி போகும் திசையில் தடவி, எதிர்த்திசையில் உரிக்க வேண்டும். தடவும் கனம் 2, 3 மி.மீ. இருக்கட்டும், ஓரத்தில் பிடிப்பதற்கு ஒரு தடித்த உதடு விடுங்கள், மெல்லியதாகத் தடவினால் துண்டு துண்டாக உடையும். இரண்டிலும் இன்னொரு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோலை ஒட்டியபடியே படுக்கையாக இழுங்கள். மேலே தூக்கி இழுத்தால் ரத்தம் கட்டும். ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் போடக் கூடாது, மிச்சமிருப்பதை ப்ளக்கரில் எடுத்துவிடுங்கள். அக்குளை ஒரே வீச்சில் எடுக்க நினைக்காமல் இரண்டு மூன்று பகுதியாகப் பிரியுங்கள், திசை மாறுகிறதே!

முன்னால் எண்ணெய், லோஷன் எதுவும் கூடாது. வியர்வை இருந்தால் சோள மாவைத் துளி தூவித் துடைத்துவிடுங்கள். முடிந்த பிறகு ஒட்டியிருக்கும் கெட்டி வேக்ஸைத் தேங்காய் எண்ணெய் எடுத்துவிடும், சர்க்கரைப் பாகைத் தண்ணீரே எடுத்துவிடும். அன்றைக்கு வெந்நீர், டியோடரன்ட், ஜிம், நீச்சல் வேண்டாம். மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் பலருக்கு வலி கூடுதலாகத் தெரியும், அதைத் தள்ளிப் போடுங்கள்.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேக்ஸ் பக்கமே வரக் கூடாது, மாத்திரையை நிறுத்திய பிறகு எப்போது ஆரம்பிக்கலாம் என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். ரெட்டினால் க்ரீம் தடவுகிற இடமும் அப்படியே, தோல் உரிந்துவிடும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதைத் தவிர்க்கட்டும்.

எபிலேட்டரும் வேரோடு பிடுங்குவதுதான். அக்குளில் 2, 3 மி.மீ. முடிக்குக் குறைந்த வேகத்தில், தோலை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு போடலாம். மடிப்புத் தோலில் அதன் இடுக்கிகள் சதையையே கவ்விவிடும்.

கத்திரிமுனை பதில்:

அக்குளுக்கு வேக்ஸ், சம்மதம். தொடையிடுக்குக்கு இவருடைய முடியில் நான் சொல்ல மாட்டேன். வேரோடு வந்தாலும் புதிதாக முளைக்கும் முடி மெல்லிய நுனியோடு, வளைந்த பையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஜீன்ஸும் இறுக்கமான உள்ளாடையும் அந்த நேரத்தில் தோலை அழுத்திக்கொண்டிருந்தால் அதற்கு வெளியே வர வழி கிடைக்காது. ரேசருக்கு இரண்டாம் நாள் வரும் பரு, வேக்ஸுக்கு இரண்டாம் வாரம் வரும். உள் பகுதிக்கு வீட்டில் வேக்ஸ் கூடவே கூடாது. சொந்தக் கையால் தோலை இறுக்கிப் பிடிக்கவும் சரியான கோணத்தில் இழுக்கவும் அங்கே முடியாது.

வலிக்கு மரத்துப்போகும் க்ரீம் தடவிக்கொள்ளலாம் என்று சிலர் எழுதுவார்கள். லிடோகைன் உள்ள க்ரீமைப் பெரிய பரப்பில் தடவி மேலே பிளாஸ்டிக் சுற்றினால் மருந்து ரத்தத்தில் ஏறும். வலிப்பு வந்திருக்கிறது, இதயம் நின்றும் போயிருக்கிறது. 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்காகவே எச்சரிக்கை விட்டது.

ஒளிக்கீற்று பதில்:

ஐ.பி.எல். பற்றி: உங்களுக்கு வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த தள்ளுபடி விற்பனையில் வாங்கிவிடுவீர்கள்.

அந்த ஒளி தேடுவது மெலனினை, கருநிறமியை. முடியில் உள்ள நிறமி ஒளியை வாங்கிச் சூடாகி வேரைச் சுட வேண்டும் என்பது திட்டம். வெளுத்த தோல், கறுத்த முடி என்றால் ஒளி நேரே முடிக்குப் போகும். தோலிலும் நிறமி அதிகம் என்றால் பாதி வழியிலேயே தோல் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. விளைவு கொப்புளம், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கருமை, சில நேரம் வெண்திட்டு. வெளுப்பிலிருந்து கருமை வரை தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவில் தமிழர்கள் பெரும்பாலும் 4 முதல் 6 வரை. வீட்டுக் கருவிகள் பலவும் 4ஓடு அல்லது 5ஓடு நிறுத்திக்கொள்கின்றன. 6க்குப் பெரும்பாலும் கூடாது என்றே போட்டிருக்கும்.

கருவியில் நிறம் பார்க்கும் சென்சார் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தரங்கப் பகுதியின் தோல் முன்கையைவிட ஒன்றிரண்டு படி கருமை. முன்கையில் பச்சை விளக்கு எரிந்ததை வைத்துத் தொடையிடுக்கில் அழுத்தினால் சுட்டுவிடும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்தால் பிறப்புறுப்பு, மலவாய், முலைக்காம்பு ஆகியவற்றில் கூடாது என்று அவர்களே எழுதியிருப்பார்கள். மச்சத்தின் மீதும் பச்சை குத்திய இடத்திலும் கூடாது. டாக்ஸிசைக்ளின் மாதிரி வெயிலில் தோலைக் கூசச் செய்யும் மருந்து சாப்பிடும்போதும் கூடாது.

அக்குள் மட்டும் என்றால், அதுவும் அக்குளிலேயே சென்சார் அனுமதித்தால், குறைந்த அளவில் ஒரே ஒரு பளிச் கொடுத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டுத் தொடரலாம். முந்தைய நாள் ரேசரால் வழித்திருக்க வேண்டும். வேக்ஸ் செய்திருந்தால் வேர் இருக்காது, ஒளிக்கு வேலை இருக்காது. வளரும் நிலையில் உள்ள முடியைத்தான் அது சுடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பல தடவை தேவை. நிறுத்தினால் சில மாதத்தில் திரும்பும். நரைத்த முடிக்குப் பயனே இல்லை.

நீண்ட காலத் தீர்வு வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், தோலைத் தாண்டி ஆழத்துக்குப் போகும். கருமையான தோலுக்கு அதுதான் பாதுகாப்பானது. இளஞ்சிவப்பு விளக்கு வைத்த எல்லாக் கடையிலும் அது இருக்காது, இயந்திரத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கு ஒளிச் சிகிச்சைக்குப் பின் முகத்திலும் கழுத்திலும் பூனை முடி தடித்து வளர்வதுண்டு, அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நொச்சிப்பூ எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்குளுக்குச் சர்க்கரைப் பாகு, மற்றதற்கு ட்ரிம்மர் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு கேள்வி பாக்கி. இப்போது தொடையிடுக்கில் இருக்கும் பருவையும் புள்ளியையும் என்ன செய்வது? மெடிக்கலில் கேட்டால் "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று ஒரு ட்யூப் தருகிறார்கள். அப்புறம், கணவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மருந்துச்சீட்டு பதில்:

அந்த ட்யூபைத் திறக்க வேண்டாம். பின்பக்கம் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்திருப்பார்கள். இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், அதனால்தான் அவ்வளவு விற்கிறது. தொடையிடுக்கின் மடிப்பில் மருந்து பல மடங்கு உறிஞ்சப்படும். சில வாரத்தில் தோல் மெலிந்து பிரசவக்கோடு போன்ற கோடுகள் விழும், அவை போகாது. அடியில் இருப்பது படர்தாமரை என்றால் ஸ்டீராய்டில் அது உருமாறிப் பரவி, பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காது. ஓரம் மட்டும் தடித்துச் செதிலாகவும் நடு வெளிறியும் வட்டமாக இருந்தால் அது ரேசர் பரு அல்ல, படர்தாமரை. மருத்துவரைப் பார்க்கும்வரை அதன் மேல் எதையும் ஓட்டாதீர்கள், ட்ரிம்மர் உட்பட, கீறலோடு பரவும்.

முடிக்கால்களில் மட்டும் தனித்தனிப் பரு என்றால் முதல் மருந்து சும்மா விடுவது. நான்கு வாரம் எதுவும் எடுக்க வேண்டாம். முடி நீண்டதும் உள்ளே நுழைந்த நுனி தானாகவே நிமிர்ந்து வெளியே வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியை 10 நிமிடம், நாளைக்கு மூன்று முறை ஒற்றுங்கள். வளையமாக முடி மேலே தெரிந்தால் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் நுனியை மட்டும் வெளியே தூக்கிவிடலாம். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து.

சீழ் முனை இருந்தால் பென்சாயில் பெராக்சைடு 2.5 அல்லது 5 சதவீத வாஷை வெளித்தோலில் மட்டும் ஒரு நிமிடம் வைத்துக் கழுவுங்கள். துண்டும் உள்ளாடையும் சாயம் போகும், வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு அசெலாயிக் அமிலம் 10 சதவீதம், தொடைப் பக்க வெளித்தோலில் இரவில். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், லேசாகச் சுருக்கென்றிருக்கும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். எலுமிச்சை, பேக்கிங் சோடா, கல் உப்புத் தேய்ப்பு எல்லாம் புள்ளியைக் கூட்டும். கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனிப் பொடி தேய்த்தால் முடி குறையும் என்பார்கள். தேய்க்கும்போது ஒடியும் பூனை முடியைத் தவிர இந்தத் தடித்த முடியை அவை ஒன்றும் செய்யாது. எரிச்சல் வேண்டுமானால் வரும்.

அக்குள், தொடையிடுக்கு இரண்டிலும் ஆழமான வலிக்கட்டிகள் திரும்பத் திரும்ப வந்து, உடைந்து, வடு விட்டால் அதைச் சூட்டுக்கட்டி என்று விட்டுவிடாதீர்கள். ஹைட்ராடினைட்டிஸ் சப்புரேட்டிவா என்று தனி நோய் இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால்தான் மருந்து கேட்கும். சிவப்பு மணிக்கணக்கில் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை.

கத்திரிமுனை பதில்:

சாரிடம் இதைக் காட்டுங்கள். விரைப்பைக்கு ரேசர், க்ரீம், வேக்ஸ் மூன்றும் கிடையாது. ரேசரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பரு வராமலிருக்கத் தோலை இழுக்காமல் வழிக்க வேண்டும், தளர்ந்த தோல் வெட்டுப்படாமலிருக்க இழுத்துத்தான் வழிக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. 2017இல் ஜாமா டெர்மடாலஜி இதழில் வந்த அமெரிக்கக் கணக்கெடுப்பில், அந்தரங்க முடி எடுப்பவர்களில் நாலில் ஒருவர் ஒருமுறையாவது காயப்பட்டிருக்கிறார். ஆண்களுக்கு அதிகம் காயம் பட்ட இடம் விரைப்பைதான்.

மேலே உள்ள முடியை முதலில் 3 மி.மீ.க்குக் கொண்டுவந்துவிட்டு, நின்றபடி ஒரு காலைக் குளியலறை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். வெந்நீரில் குளித்த உடனே தோல் தளர்ந்து மடிப்பு ஆழமாகும், ஆறிய பிறகு சுருங்கியிருக்கும்போது முடி நெருங்கி நிற்கும். இரண்டுக்கும் நடுவில், உடம்பு துவட்டிக் கொஞ்ச நேரம் கழித்துச் செய்வது சுலபம். ஒரு கையின் இரண்டு விரலால் சிறு பகுதியைத் தட்டையாக விரித்து, மூடி கழற்றாமல், கீழிருந்து மேலாக. மூடியைக் கழற்றி வெறும் பிளேடை வைக்கத் தோன்றும் தருணத்தில் நிறுத்திக்கொள்வதே புத்தி. கீறிவிட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், அங்கே ரத்தம் அதிகமாகத்தான் தெரியும். சலூனில் தாடைக்குத் தேய்க்கும் படிகாரம் இங்கே வேண்டாம், உயிர் போகிற மாதிரி எரியும்.

முல்லைக்கொடிக்கும் மற்றவர்களுக்கும்: பிரசவத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ போகிறவர்கள் முதல் நாள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து வழித்துக்கொண்டு போகாதீர்கள். ரேசரின் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும் என்பதால், அறுவைக்கு முன் முடியை எடுக்கவே வேண்டாம், எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர் மட்டும் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சுகப்பிரசவத்துக்கு முன் வழக்கமாக வழிக்கும் பழக்கத்தையும் 2018இல் வேண்டாம் என்றது. ஆஸ்பத்திரியில் கேட்டால் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

ட்ரிம்மர் தலையை ஒவ்வொரு முறையும் கழற்றி, பிரஷ்ஷால் தட்டி, கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். இருவருக்கும் தனித்தனித் தலை. மாதம் ஒருமுறை பல்லில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓடவிட்டுத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், மார்கழியில் உறைந்து பல்லை அடைத்துவிடும்.